மண் மாதிரியும் கருவியின் மாசும்

நிலத்து மண்ணை இரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கம் விவசாயிகளிடையே பரவியிருக்கிறது. ஆயினும், மண்ணை எடுக்கவும் பொடிக்கவும் கையாளும் கருவியே அப்பரிசோதனையைப் பொய்யாக்கிவிடக்கூடும் என்பதைப் பலர் சிந்திப்பதில்லை.

துத்தநாகச் சத்தை உதாரணமாகக் கொள்ளலாம். வடநாட்டில் நெற்பயிரைக் கெடுத்த 'கைரா' என்னும் நோய்க்கு இச்சத்தின் குறைவே காரணம் என்று பந்த்நகர் ஆராய்ச்சியாளர் நேனே 1966-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பயிருக்குக் கிட்டும் துத்தநாகம் மண்ணில் பத்து லட்சம் பங்குக்கு 0.6 பங்குக்குக் கீழிருப்பின் அது பற்றாக்குறை எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அரை கிலோ மண்ணில் அவ்வளவு 0.3 மில்லிகிராமே, ஒரு கடுகின் எடைக்கும் குறைவு. துத்தநாகம் பூசிய வாளியில் மண்ணைப் போட்டுக் கிளறினால் அவ்வளவும் உராய்ந்து சேர்ந்துவிடக்கூடும். அப்போது பரிசோதனைத் தாளில் "போதுமானது" என்று வரும். விவசாயி துத்தநாக சல்பேட் இடாது விட்டுவிடுவார். விளைச்சல் குன்றும், சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனோ குறையாது.

ஆகவே, பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளுதல் நலம்:

1. மண்வெட்டியால் அரை அடி ஆழத்திற்குக் குழி வெட்டியபின், இரும்பு பட்ட மண்ணை மூங்கிற் பட்டையால் சுரண்டி எறிந்துவிட்டு, உள்மண்ணை அப்பட்டையாலேயே எடுக்கவேண்டும்.

2. மண்ணைச் சேர்க்கப் பிளாஸ்டிக் வாளியே ஏற்றது. ரப்பர்க் கூடையும் ஆகாது. ரப்பர் செய்வதில் துத்தநாகம் சேர்க்கப்படுகிறது.

3. நிழலில், சுத்தமான காகிதத்தின்மேல் உலர்த்தவேண்டும். உரச்சாக்கும், அடுப்புச் சாம்பல் பறக்கும் இடமும் விலக்கத்தக்கவை.

4. பூணிட்ட உலக்கை இரும்பைச் சேர்க்கும். மரக்கட்டையால் மரப்பலகைமீது பொடிக்கவேண்டும்.

5. பித்தளைச் சல்லடை கூடாது. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. இரண்டு மில்லிமீட்டர்க் கண்ணுள்ள நைலான் சல்லடையே தக்கது.

6. ஒருவர் மண்ணைப் பொடித்தபின் கருவிகளைத் தூரிகையால் துடைத்து, அடுத்தவர் மண்ணில் ஒரு பிடியை முதலில் பொடித்துச் சலித்து எறிந்துவிடவேண்டும். இன்றேல் ஒரு வயலின் குறை மற்றொரு வயலின் நிறைவால் மறைந்துவிடும்.

இக்கருவிகள் விலையுயர்ந்தவை அல்ல. சங்கம் ஒரு ஜதை வாங்கி, வேறெதற்கும் கொடாது பாதுகாத்தால், அங்கத்தினர் அனைவர்க்கும் பயன்படும். பொதுக்கருவியைத் துடையாமல் திருப்பித் தருபவர் அடுத்தவரின் ஒரு போக விளைச்சலுக்குக் கேடு செய்தவராவார்.