மந்த காலத்தில் ஆடம்பரப் பொருள்கள் ஏன் விற்கின்றன?



2020 ஊரடங்கில் தறிச்சத்தம் நின்றுபோன நாட்களை நெசவை நம்பி வாழும் நம் பொதட்டூர்பேட்டை மறந்திருக்காது. பாவு வரவில்லை, கூலியும் வரவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் 3 லட்சத்துக்கும் அதிகமான புதிய மோட்டார் படகுகள் விற்றன. 2008 நெருக்கடிக்குப் பிறகு அங்கே காணாத விற்பனை அது. ஆனால் அந்த ஏப்ரலில் அந்நாட்டில் வேலையில்லாதோர் 14.7 சதவீதம்.

நம் நாட்டிலும் இதுவே நடந்தது. 3 கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள லம்போர்கினி கார்கள் 2019-ல் 52 விற்றன. 2020-ல் 37 ஆகக் குறைந்து, 2021-ல் 69 ஆக உயர்ந்தன. ஆனால் 2018-19-ல் சுமார் 2 கோடியே 11 லட்சம் விற்ற இருசக்கர வாகனங்கள், 2021-22-ல் சுமார் 1 கோடியே 35 லட்சமாகச் சரிந்தன. வண்டி விலை ஏறியதும் ஒரு காரணம்தான். ஆனால் விலை ஏறினால் யார் பின்வாங்குகிறார் என்பதே கேள்வி.

இதற்கு மூன்று காரணங்களைப் பார்ப்போம்.

1. சொத்து வேறு, கூலி வேறு. 2020 மார்ச் 23 அன்று 26 ஆயிரத்துக்குக் கீழே விழுந்த சென்செக்ஸ், 2021 ஜனவரியில் 50 ஆயிரத்தைத் தொட்டது. பங்கு வைத்திருந்த பலரின் சொத்து, வீட்டில் இருந்தபடியே பெருகியது. நெசவாளிக்குத் தறி ஓடினால்தான் வருமானம்.

2. கடன் எல்லோருக்கும் மலிவாகவில்லை. 2020 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதமாகக் குறைத்தது. வருமானச் சான்றும் ஈடும் உள்ளவருக்கு அது பயன்பட்டது. சம்பளச் சீட்டு இல்லாதவர் தண்டல்காரரிடமே போனார்.

3. செலவு திசை மாறியது. வெளிநாட்டுப் பயணமும் பெரிய விருந்துகளும் நின்றதால், வசதியுள்ளவர் கையில் பணம் மிஞ்சியது. அது படகாகவும் காராகவும் மாறியது.

‘பணக்காரர் செலவு செய்தால் எல்லோருக்கும் வேலை கிடைக்குமே?’ என்று கேட்கலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் லம்போர்கினி இத்தாலியிலிருந்து முழுக் காராகவே வருகிறது. அதைச் செய்யும் வேலை நம் பிள்ளைகளுக்கு இல்லை. மோட்டார் சைக்கிள் விற்றால் ஒரகடத்து ஆலையில் ஷிப்ட் ஓடும். சாதாரணக் குடும்பம் துணி எடுத்தால் நம் தறி ஓடும்.

ஆகவே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது. ‘விற்பனையில் சாதனை’ என்ற செய்தியைப் படித்தால், எத்தனை பேர் வாங்கினார்கள், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று பார்ப்போம். 69 பேர் வாங்கியதை வைத்து நாட்டின் நிலையை எடைபோட முடியாது.

அச்செய்தியை நம்பி, ‘நல்ல காலம் வந்துவிட்டது’ என்று புதுத் தறிக்கோ வண்டிக்கோ கடன் வாங்க வேண்டாம். மாதத்தில் எத்தனை நாள் பாவு வருகிறது, மளிகைக்கடைப் பாக்கி குறைகிறதா, அடகு வைத்த நகை வீடு திரும்பியதா என்பதைப் பார்த்து முடிவெடுப்போம்.

வசதியுள்ள சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘சந்தை எழுந்துவிட்டது, இனி யாருக்கும் உதவி தேவையில்லை’ என்று கையை மூடிவிட வேண்டாம். சந்தை எழுந்து பல மாதம் கழித்தே கூலிக்காரர் வீடு எழுகிறது. பிள்ளையின் படிப்பு நிற்பதும், தண்டல் கடன் ஏறுவதும் அந்த இடைப்பட்ட மாதங்களில்தான். அப்போது கொடுக்கும் சிறு தொகை, பின்னால் கொடுக்கும் பெருந்தொகையைவிடப் பயன் தரும்.

வீட்டில் பேசிப் பார்க்க: நம் தெருவில் யாருடைய வருமானம் இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை? அது நமக்கு எப்படித் தெரியும்?