குஞ்சு வருமுன் கூடும் முற்றமும்

திருவனந்தபுரம் குடப்பனக்குன்றில் கேரள அரசின் கால்நடை வளர்ப்புத் துறையைச் சேர்ந்த வட்டாரக் கோழிப்பண்ணை உள்ளது. இத்தகைய பண்ணைகளில் குஞ்சு வாங்கி வீட்டு முற்றத்தில் வளர்க்கும் குடும்பங்கள் பல. குஞ்சு வாங்கும் நாளை முன்னதாகக் குறித்துக்கொள்வோர், கூட்டை மட்டும் குஞ்சு வந்த பின்னரே தேடுவதுண்டு. இழப்பு அங்கிருந்தே தொடங்குகின்றது.

ஈரமே முதற் பகை

இம்மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகின்றது. ஜூன் முதல் நவம்பர் வரை தரை நன்கு உலர்வது அரிது. குஞ்சுகளைத் தாக்கும் இரத்தக் கழிச்சல் நோயின் நுண்முட்டைகள் எச்சத்தோடு வெளிப்படுகின்றன. வெளிப்பட்டவுடன் அவை நோய் தருவதில்லை. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைப்பின் ஓரிரு நாளில் முதிர்ந்து, நோய் உண்டாக்கும் ஆற்றலைப் பெறுகின்றன. ஆதலின் தரையை உலர்வாக வைத்தலே மருந்துக்கு முந்திய மருந்தாகும்.

முற்றம்

தென்னந்தோப்பாயினும் காலை வெயில் படும் மேட்டிடத்தைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். தேங்காயும் மட்டையும் விழக்கூடிய இடத்தைத் தவிர்க்க வேண்டும். மழைநீர் வடியச் சரிவும், சுற்றிலும் சிறு வாய்க்காலும் அமைத்தல் நன்று. கிணற்றடியும் சாக்கடையோரமும் ஏற்றவை அல்ல.

கூடு

கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால் நேர்வெயில் உள்ளே மிகுதியாகப் புகாது. தரை நிலத்தைவிட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். கூரை விளிம்பு சாரலைத் தடுக்குமாறு 3 அடி வெளியே நீளுதல் வேண்டும். 50 குஞ்சுகளுக்கு நான்காம் வாரம் வரை 25 சதுர அடியும், எட்டாம் வாரம் வரை 50 சதுர அடியும் தேவை. கீரியும் பெருச்சாளியும் பாம்பும் நுழையாதவாறு சிறுகண் கம்பிவலையை அடிப்பகுதி வரை இறுகப் பொருத்துதல் இன்றியமையாதது. காகமும் பருந்தும் உள்ள இடத்தில் திறந்த முற்றத்திற்கு மேலேயும் வலை வேண்டும்.

படுக்கையும் வெப்பமும்

உலர்ந்த மரச்சீவல் அல்லது உமியை 2 அங்குலக் கனத்திற்குப் பரப்பி, முதல் சில நாள்களுக்கு அதன்மீது தாள் விரிக்க வேண்டும். தகடு அல்லது அட்டையால் 18 அங்குல உயரமுள்ள வட்டத் தடுப்பு அமைப்பின், குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி மாள்வது தவிரும்.

முதல் வாரத்தில் சுமார் 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. பின்னர் வாரந்தோறும் 3 பாகை வீதம் குறைக்கலாம். 50 குஞ்சுகளுக்கு 60 வாட் இழைவிளக்குகள் இரண்டு போதும். ஒன்று பழுதுற்றாலும் மற்றது எரியும். எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றிப் போதிய வெப்பம் தராது. குஞ்சுகள் விளக்கினடியில் குவிந்தால் குளிர் என்றும், விலகி வாய்திறந்து மூச்சுவிட்டால் வெப்பம் மிகுதி என்றும் அறியலாம். எங்கும் பரவி நின்று இரை தேடுவதே நல்ல அறிகுறி. குஞ்சு வருவதற்கு முதல்நாளே விளக்கை ஏற்றிச் சோதித்தல் நலம்.

நோய்க் காவல்

2023 ஜனவரியில் இம்மாவட்டத்து அழூர் ஊராட்சியில் பறவைக் காய்ச்சல் உறுதியானபோது, சுற்றுப்புறத்துக் கோழிகளையும் வாத்துகளையும் கொல்ல நேர்ந்தது. நோயற்றவையாகத் தோன்றிய வீட்டுக் கோழிகளும் அதில் அடங்கின. ஆகவே காட்டுப் பறவைகள் தீவனத்தையும் நீரையும் அணுகாதவாறு மூடிவைத்தல் வேண்டும். கூட்டுக்கெனத் தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுதலும், புதிய குஞ்சுகளைப் பழைய கோழிகளோடு சேர்க்காதிருத்தலும் செலவில்லாக் காவல்கள். இராணிக்கெட் நோய்க்குரிய தடுப்பு மருந்தைக் கால்நடை மருத்துவர் கூறும் நாளில் தவறாது அளிக்க வேண்டும்.

செய்முறை

படுக்கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தி விடுக. உதிர்ந்தால் அது தக்கது. கட்டியாக நின்றால் ஈரம் மிகுதி. அப்பகுதியை அகற்றிப் புதியதை இடுக. நீர்க்கலத்தைச் சுற்றியே முதலில் ஈரம் சேரும். ஆசிரியர் இச்சோதனையை மாணவர்களைக் கொண்டு நாள்தோறும் செய்வித்துக் குறிப்பேட்டில் பதியச் செய்யலாம். களப் பணியாளர் குஞ்சு வழங்குமுன் கூட்டின் தரையைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். தரை ஈரமாயின் வழங்கும் நாளைத் தள்ளிவைத்தலே தக்கது.