ஹார்மோன் மாற்று சிகிச்சை: இரத்தத்தில் ஏறி இறங்கும் அளவுகள்

கேள்வி: மாதவிடாய் முற்றிலும் நின்றுவிட்ட 52 வயதுப் பெண் ஒருவர், மருத்துவர் குறித்துக் கொடுத்த ஈஸ்ட்ரோஜன் ஜெல்லை நாள்தோறும் ஒரே அளவில் கையில் தடவிவருகிறார். இரத்தத்தில் ஈஸ்ட்ரடையால் அளவு முதல் பரிசோதனையில் 42 என்றும், இரண்டு மாதம் கழித்து வேறோர் ஆய்வகத்தில் 310 என்றும் வந்துள்ளது. மருந்து அளவுக்கு மீறி உடலில் சேர்கிறதா?

பதில்: இரண்டு தாள்களிலும் எண்ணுக்கு அருகே அச்சாகியிருக்கும் அலகைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சில ஆய்வகங்கள் இந்த ஹார்மோனை ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை பிகோகிராம் என்று தெரிவிக்கின்றன. பிகோகிராம் என்பது ஒரு கிராமை இலட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. வேறு சில ஆய்வகங்கள் ஒரு லிட்டருக்கு இத்தனை பிகோமோல் என்று மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட அலகில் தெரிவிக்கின்றன. முதல் அலகில் உள்ள எண்ணை ஏறத்தாழ 3.67ஆல் பெருக்கினால் இரண்டாம் அலகு கிடைக்கும் என்பதால், 310 பிகோமோல் என்பது உண்மையில் 84 பிகோகிராம்தான். ஏழு மடங்கு உயர்வாகத் தோன்றியது இரண்டு மடங்காகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டு மடங்கு வேறுபாடும் அச்சத்துக்குரியதன்று. இனப்பெருக்க வயதில் சினைப்பைகள் சுரக்கும் முதன்மையான ஈஸ்ட்ரோஜனாகிய ஈஸ்ட்ரடையால், மாதவிடாய்ச் சுழற்சியின் தொடக்க நாட்களில் 30 முதல் 50 பிகோகிராம் அளவில் இருந்து, கருமுட்டை வெளிப்படுவதற்குச் சற்று முன்பு 200 முதல் 400 வரை உயர்ந்து, பின்னர் மீண்டும் இறங்குகிறது. மாதவிடாய் நின்றபின் அது பெரும்பாலும் 20க்கும் கீழே தங்கிவிடுகிறது. மாதந்தோறும் இத்தகைய ஏற்ற இறக்கத்தில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த உடலுக்கு 42க்கும் 84க்கும் இடைப்பட்ட அலைவு புதிதன்று.

இரண்டு தாள்களிலும் அலகு ஒன்றாகவே இருந்தால், இரத்தம் எடுத்த இடத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். ஜெல் தடவிய கையிலிருந்தே ஊசி போட்டு இரத்தம் எடுத்தாலோ, ஜெல் ஒட்டிய விரல்களால் அந்த இடத்தைத் தொட்டிருந்தாலோ, தோலின் மேல் எஞ்சியிருக்கும் மருந்து மாதிரியில் கலந்து, உடலில் இல்லாத அளவை இருப்பதாகக் காட்டிவிடும். முடியும் நகமும் வளர்வதற்காகப் பலர் உட்கொள்ளும் பயோட்டின் மாத்திரையும் சிலவகை ஆய்வுக் கருவிகளில் ஈஸ்ட்ரடையாலைப் பொய்யாக உயர்த்திக் காட்டக்கூடியது. பரிசோதனைக்கு முன் அதை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பதை ஆய்வகத்திடம் கேட்டறிய வேண்டும். மருந்து தடவி எத்தனை மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கப்பட்டது, எவ்வளவு பரப்பில் தடவப்பட்டது, காய்வதற்குள் குளித்தாரா என்பவையும் முடிவை மாற்றும் என்பதால், இந்த விவரங்கள் இல்லாத தனி எண்ணை மட்டும் பார்த்து அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ முறையான மருத்துவமாகாது.

வாய்வழி மாத்திரையில் நிலைமை வேறுவிதமானது. குடலில் உறிஞ்சப்பட்ட ஈஸ்ட்ரடையால் இரத்த ஓட்டத்தில் பரவுவதற்கு முன்பே கல்லீரலைக் கடக்க வேண்டியிருப்பதால், அதில் மிகச் சிறிய பங்கே மாறாமல் தப்புகிறது. பெரும்பகுதி ஈஸ்ட்ரோன் என்னும் வலிமை குறைந்த ஈஸ்ட்ரோஜனாகவும் அதன் வழிப்பொருள்களாகவும் மாறிவிடுகிறது. தோல்வழி செல்லும் ஜெல்லும் பேட்ச் எனப்படும் ஒட்டுப் பட்டையும் கல்லீரல் வழியான இந்தச் சுற்றைத் தவிர்க்கின்றன. இரத்தம் உறையும் அபாயத்தை மாத்திரை சற்று உயர்த்துவதும், வழக்கமான அளவிலான தோல்வழி மருந்து அவ்வாறு உயர்த்துவதாகக் காணப்படாததும் இதனால்தான். 1942 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் பிரிமாரின் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது: சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரிக்கப்படும் ஈஸ்ட்ரோஜன்களின் கலவையாகிய அதை உட்கொள்பவருக்கு ஈஸ்ட்ரடையால் பரிசோதனை செய்தால், மருந்தின் பெரும்பகுதி அந்த எண்ணில் தென்படவே தென்படாது.

ஆகவே மாதவிடாய் நின்ற பருவத்துக்குரிய சிகிச்சையில், இரவில் வியர்த்து விழிப்பதும், முகமும் மார்பும் திடீரெனத் தீயாய்ச் சுடுவதும் தணிந்துள்ளனவா என்பதைக் கேட்டறிந்தே மருந்தின் அளவு முடிவு செய்யப்படுகிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை முழு ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று விளம்பரப்படுத்தும் தொகுப்புகள் பணத்தை வீணாக்கும். உமிழ்நீரில் ஹார்மோனை அளந்து மருந்தைத் தனியே கலந்து தருவதாகச் சொல்வது அதைவிட மோசம். உயர்ந்த அளவு ஜெல் தடவியும் தொல்லை குறையவில்லை, தோல் மருந்தை ஏற்கவில்லையோ என்ற ஐயம் எழும்போதும், 40 வயதுக்கு முன்பே சினைப்பைகள் ஓய்ந்துவிட்ட இளம்பெண்களுக்கும் இரத்த அளவு உண்மையிலேயே பயன்படுகிறது.

எண்ணும் உணர்வும் ஒன்றையொன்று பின்பற்றுவதில்லை என்பதற்கு, பிரிட்டனில் ஒரு காலத்தில் பரவலாக வழங்கிய தோலடி ஈஸ்ட்ரடையால் வில்லைகள் தக்க சான்று. பல மாதங்களுக்கு மருந்தை மெல்லக் கசியவிடும் இவ்வில்லைகளைப் பொருத்திக்கொண்ட பெண்களில் சிலர், உரிய காலத்துக்கு முன்பே பழைய தொல்லைகளுடன் திரும்பி வந்து அடுத்த வில்லையைக் கேட்டனர்; அப்போது இரத்தத்தில் ஹார்மோன் இயற்கையான அளவைவிடக் கூடுதலாகவே இருந்தது. மிக உயர்ந்த நிலைக்குப் பழகிய மூளை, அளவு குறைவாக இருப்பதை விடுத்து அது இறங்குவதையே குறைபாடாக உணர்ந்திருக்க வேண்டும் என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். அளவு கூடக்கூட நலம் கூடும் என்ற எண்ணத்தை இதைவிடத் தெளிவாக மறுக்கும் நிகழ்வு இத்துறையில் அரிது.

கேள்வி: 47 வயதில் மாதவிடாய் ஒழுங்கு தவறி வரும் பெண்ணுக்குச் சிகிச்சை தொடங்கிய பின்னரும் சில வாரங்கள் நலமாகவும் சில வாரங்கள் மார்பு வலி, உப்புசத்துடனும் கழிவது ஏன்?

பதில்: மருந்து தரும் ஈஸ்ட்ரோஜனுடன் சொந்தச் சினைப்பைகளின் சுரப்பும் சேர்வதே காரணம். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் சினைப்பைகள் ஒரே சீராக ஓய்வதில்லை. ஒரு மாதம் ஏறக்குறைய ஒன்றும் சுரக்காமலும், மறுமாதம் இளவயதைவிட மிகுதியாகச் சுரந்தும் ஏறுமாறாக இயங்குகின்றன. வழக்கமான மாற்று சிகிச்சையின் அளவு இந்த இயக்கத்தை அடக்குவதில்லை என்பதால் கருத்தரிக்கும் வாய்ப்பும் நீடிக்கிறது; கருத்தடைக்குத் தனி ஏற்பாடு தேவை. சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். என்னும் மூளையடிச் சுரப்பி ஹார்மோனும் இப்பருவத்தில் வாரத்துக்கு வாரம் மாறுவதால், 45 வயதைக் கடந்தவருக்கு அதை அளந்து முடிவுகட்ட வேண்டியதில்லை என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

கருப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டிரோனும் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் கருப்பையின் உட்படலம் தடித்து, நாளடைவில் புற்றுநோய்க்கு இடமளிக்கலாம். அளவுகள் ஏறி இறங்குவதைக் கண்டு புரோஜெஸ்டிரோனை மட்டும் தாமாகவே நிறுத்துவது ஆபத்தானது.

கேள்வி: தைராய்டு மாத்திரை உட்கொள்பவர் ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம். ஆனால் வாய்வழி ஈஸ்ட்ரோஜன், தைராக்சினை இரத்தத்தில் பற்றிக்கொண்டு சுமந்து செல்லும் புரதத்தைக் கல்லீரல் கூடுதலாக உண்டாக்கும்படி செய்வதால், திசுக்களுக்குக் கிடைக்கும் கட்டற்ற தைராக்சின் குறைந்து, அதுவரை போதுமானதாக இருந்த மாத்திரை போதாமல் போகலாம். மாத்திரை வடிவில் ஈஸ்ட்ரோஜன் தொடங்கிய 6 முதல் 12 வாரங்களுக்குள், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனின் அளவைப் பார்த்து, தேவையானால் தைராக்சினைக் கூட்டுவது வழக்கம். ஜெல்லிலும் பேட்ச்சிலும் இவ்விளைவு பொதுவாக ஏற்படுவதில்லை.