மாறலும் மலைநாட்டுப் பயிர்களும்

பாடம்: விஞ்ஞானம் – க.பொ.த. (சாதாரண தரம்)

மாணவர்களே, ஹுன்னஸ்கிரியப் பகுதியில் தேயிலை மலைகளும் நக்கிள்ஸ் காடும் அருகருகே உள்ளன. பழைய விதைத் தேயிலை மலையில் இலையின் அளவும் நிறமும் செடிக்குச் செடி வேறுபடும். வீ.பீ. தேயிலையில் ஒரே குளோனை நட்ட மலையில் எல்லாச் செடிகளும் ஒத்திருக்கும். இவ்வேறுபாட்டின் காரணம் பரம்பரையலகுகளில் உள்ளது.

1. இரு முறைகள்

(அ) விதைத் தேயிலை – இலிங்கமுறை இனப்பெருக்கம். தேயிலைக் கலத்தில் 30 நிறமூர்த்தங்கள் உள்ளன. ஒடுக்கற்பிரிவினால் புணரிக்கு 15 கிடைக்கும். தேயிலையில் பெரும்பாலும் அயன்மகரந்தச் சேர்க்கை நடைபெறுவதால் ஒவ்வொரு விதையும் புதிய சேர்க்கையாகும். இதனால் மாறல் தோன்றும்.

(ஆ) வீ.பீ. தேயிலை – பதியமுறை இனப்பெருக்கம். ஓர் இலையுடன் கூடிய தண்டுத்துண்டு வேர்விட்டு வளர்கிறது. இங்கு இழையுருப்பிரிவு மட்டுமே நிகழ்வதால் தாயின் பிறப்புரிமையமைப்பே கன்றுக்கும் கிடைக்கும்.

தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டீ.ஆர்.ஐ. 2023, 2025 ஆகிய இரண்டும் ஏ.எஸ்.எம். 4/10 என்னும் ஒரே தாய்ச்செடியின் வழிவந்தவை. பெயர் வேறானாலும் உறவு நெருக்கமானது.

2. கோப்பி தரும் பாடம்

1869இல் இலங்கையில் கோப்பி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. காரணி ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்னும் பங்கசு. இங்கு பயிரிடப்பட்ட அராபிக்கா தன்மகரந்தச் சேர்க்கை உடையது. மாறல் மிகக் குறைவு. ஒரு செடியைத் தாக்கிய நோய் மற்றவற்றையும் தாக்கியது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் வீழ்ந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

நோய் எதிர்ப்பு பின்னர் எங்கே கிடைத்தது? தீமோர் தீவில், அராபிக்காவும் ரொபஸ்டாவும் இயற்கையாகக் கலந்து தோன்றிய ஒரு கலப்புச் செடியில். அதைக் கொண்டே கட்டிமோர் போன்ற வர்க்கங்கள் உருவாக்கப்பட்டன.

3. மாறலைக் காக்கும் வழிகள்

(அ) வாழிடத்திலேயே காத்தல்: நக்கிள்ஸ் 2000இல் பாதுகாப்பு வனமாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் பகுதியானது. மிளகு, கறுவா ஆகியவற்றின் காட்டு உறவினங்கள் இலங்கைக் காடுகளில் உள்ளன. காடு அழிந்தால் அவற்றின் பரம்பரையலகுகளும் அழியும்.

(ஆ) வாழிடத்துக்கு வெளியே காத்தல்: பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் 1988இல் தாவர மரபணு வளங்கள் நிலையம் நிறுவப்பட்டது. நெல் முதலிய விதைகள் உலர்த்தப்பட்டுக் குளிரில் வைக்கப்படுகின்றன. தேயிலை விதை உலர்ந்தால் முளைதிறனை இழக்கும். ஆகவே தேயிலையை உயிருள்ள செடியாகவே காக்க வேண்டும்.

கவனிக்க: “நோய் வந்ததும் செடி எதிர்ப்பை உண்டாக்கிக் கொண்டது” என எழுதாதீர்கள். எதிர்ப்புக்குரிய பரம்பரையலகு முன்னரே சில செடிகளில் இருக்கும். அவை தப்பிப் பெருகும்.

மாதிரி வினா

ஒரு தோட்டம் முழுவதிலும் ஒரே குளோனை நடுவதன் நன்மை ஒன்றும் தீமை ஒன்றும் தருக. தீமையைக் குறைக்கும் வழி யாது?

விடை

நன்மை: விளைச்சலும் தரமும் சீராக இருக்கும்.
தீமை: மாறல் இன்மையால் ஒரு நோய் எல்லாச் செடிகளையும் தாக்கலாம்.
வழி: நெருங்கிய உறவற்ற பல குளோன்களை நடுதல்.

வீ.பீ. முறை தவறு என்று விடை எழுத வேண்டாம். ஒரே குளோனை மட்டும் நம்புவதே ஆபத்து. கோப்பி வீழ்ந்தபோது நட வேறொரு பயிர் இருந்தது. தேயிலையை நம்பி வாழும் நமக்கு, அதன் மாறலைக் காப்பதே காப்புறுதி.