தீவுக்குச் சோறிட்ட கப்பல்

தோட்டத்துக் கடையில் அரிசி தீர்ந்துவிட்டால் நாம் பேருந்து ஏறிப் பட்டணத்தில் வாங்கி வருகிறோம். பொருள் வரவேண்டிய துறைமுகம் ஐந்து நாள் கடற்பயணத்துக்கு அப்பால் இருந்தால் என் செய்வது? செயின்ட் ஹெலினா தீவு மக்கள் நெடுங்காலம் அவ்வாறுதான் வாழ்ந்தனர்.

நெப்போலியன் சிறைவைக்கப்பட்டு 1821இல் உயிர் நீத்த தீவு இது. தென் அட்லாண்டிக் கடலில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி. பரப்பு 122 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 4,500 பேர். ஒரு பெரிய தோட்டத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் வரும் அளவுதான்.

இங்கு வந்துகொண்டிருந்த யூனியன் காசில் நிறுவனத்தின் அஞ்சல் கப்பல்கள் 1977இல் நின்றன. இலாபம் இல்லாத வழியில் எந்த வணிகர் கப்பல் விடுவார்? ஆகவே பிரிட்டிஷ் அரசின் உதவிப் பணத்தில், தீவின் பெயரையே தாங்கிய கப்பல் ஒன்று 1978 முதல் ஓடலாயிற்று. அதற்கு ஈடாக அபர்டீன் நகரில் கட்டப்பட்ட புதிய கப்பல் 1990இல் பணிக்கு வந்தது. பயணிகளும் சரக்கும் ஒரே கப்பலில். மாலுமிகளில் பெரும்பாலோர் அத்தீவினரே. கேப் டவுன் துறைமுகத்தில் உருளைக்கிழங்கு, மாவு, மருந்து, மோட்டார் வண்டி, அஞ்சல் மூட்டை என அனைத்தையும் ஏற்றிக்கொண்டு அது புறப்படும்.

தீவை அடைந்த பின்னரே கடினமான வேலை தொடங்கும். தலைநகர் ஜேம்ஸ்டவுனில் பெரிய கப்பல் அணையும் துறை இல்லை. கப்பல் விரிகுடாவில் நங்கூரமிட்டு நிற்க, அதன் பாரந்தூக்கிகள் சரக்கைத் தட்டைப் படகுகளில் இறக்கும். கப்பலும் படகும் அலையில் வெவ்வேறாக ஏறி இறங்கும். அந்த வேளையில் பாரத்தைச் சரியான கணத்தில் தாழ்த்த வேண்டும். பயணிகளோ சிறு படகில் வந்து, மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பற்றிக்கொண்டு கற்படியில் கால் வைப்பர். வெட்டுக்கத்தி பிடித்துப் பழகிய நமக்கு, கை தவறினால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நோயாளிகளுக்கும் இந்தக் கப்பலே வழி. தீவின் மருத்துவமனையில் செய்ய இயலாத சிகிச்சைக்குக் கேப் டவுன் செல்லவேண்டும். கப்பலில் மருத்துவர் இருந்தார் என்பது ஆறுதல். ஆயினும் கப்பல் வரும்வரை நோய் காத்திருக்குமா?

1999 நவம்பரில் தீவை நோக்கி வந்த கப்பல் பழுதுபட்டு, பிரான்சு நாட்டின் பிரெஸ்ட் துறைமுகத்தில் ஒதுங்கியது. தீவிலிருந்து வெளியேறவோ திரும்பி வரவோ வழியின்றிப் பலர் சிக்கிக்கொண்டனர். விமான நிலையம் வேண்டும் என்ற குரல் அதன்பின் ஓங்கியது. 2002இல் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் அதை ஆதரித்தனர். நிலையம் கட்டி முடிந்த பிறகும், ஓடுபாதையருகே திடீரெனத் திசை மாறும் காற்றினால் திறப்புத் தள்ளிப்போயிற்று. 2017 அக்டோபரில்தான் முதல் பயணிகள் விமானச் சேவை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தொடங்கியது.

2018 பிப்ரவரியில் கப்பல் இறுதியாகத் தீவை விட்டகன்றது. கரையில் திரண்டு வழியனுப்பியவர்களில் கண்கலங்கியோர் பலர். ஐந்து நாள் கடற்பயணம் இப்போது சில மணி நேர விமானப் பயணமாகிவிட்டது. நோயாளிக்கு அதுவே பெருவரம். ஆனால் சிமெண்டும் உருளைக்கிழங்கும் விமானத்தில் வருவதில்லை. அவற்றுக்காக 2018 முதல் வேறொரு சரக்குக் கப்பல் ஏற்பாடாயிற்று. அது ஜேம்ஸ்டவுனுக்கு அடுத்த ரூபர்ட்ஸ் விரிகுடாவில், விமான நிலையப் பணிக்காலத்தில் கட்டிய துறையிலேயே அணைந்து நின்று சரக்கிறக்கத் தொடங்கியது.