மேகத்துக்கு மேலே பாயும் மின்னல்

எட்டாம் வகுப்பு மின்னியல் பாடத்தை நடத்தும்போது, மின்னல் மேகத்துக்குள்ளும் மேகங்களுக்கு இடையிலும் மேகத்திலிருந்து தரைக்கும் பாயும் என்று சொல்கிறோம். "மேலே பாயாதா சார்?" என்று ஒரு குழந்தை கேட்டால், பாயும் என்பதே விடை. நம் கிழக்குக் கடலின்மேல் அப்படிப் பாய்ந்தது படமாகவே இருக்கிறது.

2015 செப்டம்பரில் டென்மார்க் விண்வெளி வீரர் ஆண்ட்ரியாஸ் மோகன்சன், பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து வங்காள விரிகுடாவின் இடிமேகங்களை வீடியோ எடுத்தார். 160 வினாடிப் பதிவில் 245 நீல ஒளிர்வுகள்! பெரும்பாலானவை சுமார் 18 கி.மீ. உயரத்தில், மேக உச்சியிலேயே மின்னி அடங்கின. ஒரு நீலத்தாரை மட்டும் 40 கி.மீ. வரை எழுந்தது.

அதற்கும் மேலே, 40 முதல் 90 கி.மீ. உயரத்தில் தோன்றுவது ஸ்ப்ரைட். செந்நிறம், கேரட் போலவோ விழுதுகள் தொங்கும் சொறிமீன் போலவோ உருவம், ஆயுள் சில மில்லி வினாடிகள். கண்ணால் பார்க்கும் முன்பே இதைத் தாளில் கணக்கிட்டுச் சொன்னவர் சி.டி.ஆர். வில்சன். முகிற்கலம் அமைத்து நோபல் பரிசு பெற்றவர். 1925இல் அவர் வைத்த வாதம் வகுப்பறைக்கு ஏற்றது. ஒரு பெரிய மின்னல் தரையில் இறங்கியதும் மேகத்துக்கு மேலே திடீரென மின்புலம் உண்டாகிறது. உயரே போகப் போக அது வலுக்குறையும். ஆனால் மின்புலத்தைத் தாங்கும் காற்றின் திறன் அதைவிட வேகமாகக் குறைகிறது, 70 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூட்டையின் கனம் குறைந்தாலும், தூக்குபவரின் வலு அதைவிட வேகமாகக் குறைந்தால் ஓரிடத்தில் முதுகு வளையத்தானே செய்யும்? அந்த இடத்தில்தான் ஸ்ப்ரைட் பிறக்கிறது.

விமானிகள் சிலர் இத்தகைய ஒளியைக் கண்டதாகச் சொல்லிவந்தும் அறிவியல் உலகம் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1989 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ராக்கெட்டில் வைக்கவிருந்த கேமராவைச் சோதித்தபோது தற்செயலாக அது பதிவானது. வில்சன் சொல்லி 64 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நிலத்துக்கும் கடலுக்கும் இதில் வேறுபாடு உண்டு. 2004இல் ஏவப்பட்ட தைவானின் ஃபார்மோசாட்-2 செயற்கைக்கோள் உலகம் முழுவதும் இவற்றை எண்ணியது. ஸ்ப்ரைட் நிலப்பகுதிகளில் மிகுதி. எல்வ்ஸ் எனப்படும் இன்னொரு வகை கடல்மேல் மிகுதி. இது 90 கி.மீ. உயரத்தில், ஒரு மில்லி வினாடிக்குள் சில நூறு கி.மீ. அகலத்துக்கு விரிந்து மறையும் ஒளிவளையம். ஸ்ப்ரைட்டுக்கு ஒரே மின்னலில் பெருமளவு மின்னூட்டம் இறங்க வேண்டும்; எல்வ்ஸுக்கோ மின்னோட்டம் நொடிப்பொழுதில் உச்சத்தைத் தொட வேண்டும். கடலில் மின்னல்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் உச்ச மின்னோட்டம் கூடுதலாக இருப்பது வழக்கம்.

செஞ்சி, சீயமங்கலம் பக்கத்துப் பள்ளிகளுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. கடல் 60, 70 கி.மீ. தொலைவு, ஊர் விளக்குகள் குறைவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்குமேல் வானம் தெளிந்து, வங்கக்கடலில் மட்டும் இடிமேகம் நிற்கும் நிலவில்லா இரவுகள் அமைவதுண்டு. எங்கே பார்ப்பது என்பதைப் பத்தாம் வகுப்பு முக்கோணவியலே சொல்லிவிடும். மேகம் 300 கி.மீ. தொலைவில், ஸ்ப்ரைட் 75 கி.மீ. உயரத்தில் என்று கொள்வோம். டேன் மதிப்பு 75/300, அதாவது 0.25, கோணம் 14 பாகை. புவியின் வளைவு சுமார் 7 கி.மீ.யை மறைத்துவிடுவதால் 13 பாகை. நீட்டிய கையின் முஷ்டி 10 பாகை. எனவே அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே பார்க்க வேண்டும். 16 கி.மீ. உயர மேக உச்சியோ 2 பாகைக்குள், ஒரு விரல் அகலத்தில் ஒடுங்கிவிடும். மாணவர்கள் இதைத் தாங்களே வரைந்து பார்க்கட்டும். பலர் மேகத்தையே உற்றுப் பார்த்து ஏமாறுவார்கள்.

கண்ணுக்குச் சிக்குவது அரிது. கைப்பேசியை அசையாமல் நிறுத்தி இரவு வீடியோ எடுத்து, பிறகு ஒவ்வொரு சட்டமாகத் தேடலாம். நேரத்தையும் திசையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பள்ளி வளாகமோ வீட்டு வாசலோ போதும். குன்றுகளுக்கும் கோட்டைக்கும் இரவில் அழைத்துச் செல்ல வேண்டாம். 300 கி.மீ. தொலைவு மேகத்தின் இடி நமக்குக் கேட்காது. இடி காதில் விழுந்தால் மேகம் பக்கத்தில் வந்துவிட்டது. உடனே அனைவரையும் கட்டடத்துக்குள் அழைத்துக்கொள்ளுங்கள்.