முகத்தை மூடுவது யாருக்காக?



கொரோனாக் காலம் கழிந்துவிட்டது, இனி முகக்கவரியைப் பற்றிப் பாடம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 2022 செப்டம்பர் முதற்கொண்டு கட்டிடங்களுக்குள் அதை அணிவது அவரவர் விருப்பம் என்று சர்க்கார் விட்டுவிட்டது உண்மையே. சட்டம் போனபின் எஞ்சி நிற்க வேண்டியது பழக்கம். அது நம் வாலிபர்களிடம் நின்றதா என்று அறிய, மெர்கோங்கில் ஏதாவது ஒரு கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மூக்கு ஒழுகும் பையன் ரொட்டி வீசிக்கொண்டிருப்பான். இருமல் வந்தால் புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு, அதே கையால் கோப்பையை எடுத்து வைப்பான்.

2020 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து, கூட்டமுள்ள பொது இடங்களிலும் பஸ், ரயில்களிலும் முகக்கவரி கட்டாயமாயிற்று. மீறினால் 1,000 ரிங்கிட் அபராதம். அப்போது நம் இளைஞர்கள் அணியவில்லை என்று சொல்ல முடியாது. அணிந்தார்கள், தாடையில் அணிந்தார்கள், முழங்கையில் அணிந்தார்கள், மோட்டார் சைக்கிள் கைப்பிடிக்கும் அணிவித்தார்கள்! போலீஸ்காரரைக் கண்டால் மேலே ஏறும். அவர் தெரு முனை திரும்பியதும் கீழே இறங்கும். பேச வேண்டுமானால் இறக்கிவிட்டுப் பேசுவார்கள். பேசும்போதுதானே எச்சில் துளி பறக்கிறது!

கேட்டால் அவர்கள் காட்டும் காரணங்கள் சில உண்டு. அவற்றைக் கோபப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்லாம் அல்லாஹ்வின் கத்ரு, வருவது வந்தே தீரும் என்பது முதற் காரணம். இதே கேள்வி ஹிஜ்ரி 18-ஐ ஒட்டிய காலத்தில், அதாவது கி.பி. 639 வாக்கில், ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது எழுந்ததுண்டு. கலீபா உமர் (றலி) அவர்கள் ஷாமை நோக்கிப் போகும் வழியில், ஸர்கு என்னும் இடத்தில், அங்கே நோய் கண்டிருக்கிறது என்ற செய்தி வந்தது. முஹாஜிர்களைக் கேட்டார்கள், அன்ஸாரிகளைக் கேட்டார்கள்; அபிப்பிராயம் இரண்டாயிற்று. பின்னர் குறைஷி முதியவர்களைக் கேட்டார்கள். திரும்பிவிடுவதே சரி என்று அவர்கள் ஒரே குரலில் கூறினர். கலீபாவும் திரும்பத் தீர்மானித்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (றலி) அவர்கள் கேட்டபோது, ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் (றலி) பதில் சொன்னார்கள். ஒட்டகத்தைப் புல்லுள்ள கரையில் மேய்த்தாலும் வறண்ட கரையில் மேய்த்தாலும் இரண்டும் விதிப்படிதானே என்று உவமையும் காட்டினார்கள். அதன்பின் அப்துர் ரஹ்மான் இப்னு அவுபு (றலி) வந்து, நோய் கண்ட ஊருக்குள் போகாதீர், அங்கிருந்தால் அதைவிட்டு வெளியேறாதீர் என்ற பொருளுள்ள நபிமொழியைத் தாம் கேட்டதாக அறிவித்தார்கள். கேள்வி கேட்டவர் சாமானியரா? சொர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர். பின்னர் அந்த நோயிலேயே வபாத்தானவர். ஆகவே கத்ரை நம்புவதில் கலீபாவுக்கும் அவருக்கும் பேதம் இல்லை. கத்ரை நம்புகிறவன் ஜாக்கிரதையாகவும் இருப்பான் என்பதே நமக்குப் பாடம்.

அந்த நபிமொழியின் இரண்டாம் பாதியைச் சற்றுக் கவனியுங்கள். நோயுள்ள ஊருக்குள் போகாதே என்பது உன்னைக் காக்க. வெளியேறாதே என்பது யாரைக் காக்க? அடுத்த ஊரானை! முகக்கவரியின் விஷயமும் இந்த இரண்டாம் பாதியைச் சேர்ந்ததாகவே எனக்குப் படுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டாவது காரணம் தானே விழுந்துவிடும். எனக்கு வயது இருபது, எனக்கு ஒன்றும் ஆகாது என்கிறான் பையன். மெய்தான், அநேகமாய் அவனுக்கு ஒன்றும் ஆகாது. கொரோனாவின் தந்திரமே அதுதான். உடம்பில் அறிகுறி தோன்ற ஓரிரு நாள் இருக்கும்போதே மூச்சிலும் பேச்சிலும் அது பரவத் தொடங்கிவிடும். சிலருக்கு அறிகுறியே இராது. திடமான பையன் சுமந்து வருவான், வீட்டில் இருக்கும் நன்னிமா படுத்துவிடுவார்கள். அவன் அணிவது அவர்களுடைய ஹக்கு. தன் தைரியத்தைக் காட்டுவதற்காகப் பிறருடைய ஹக்கை விட்டுக்கொடுக்க அவனுக்கு ஏது உரிமை?

முகத்தை மூடுவது நமக்குப் புதிதுமல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் தும்மினால் கையாலோ துணியாலோ முகத்தை மூடி, சப்தத்தையும் தாழ்த்திக்கொள்வார்கள் என்று அபூ தாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் வந்திருக்கிறது. தொழுகையில் வாயை மூடுவது மக்ரூஹ் ஆயிற்றே என்று ஓதிய பிள்ளைகள் கேட்பார்கள், நல்ல கேள்வி. சாதாரண காலத்தில் மக்ரூஹ்தான். ஆனால் தேவை வந்தால் மக்ரூஹ் நீங்கும் என்பது பிக்ஹு விதி. கொரோனாக் காலத்தில் ஷாபியீ, ஹனபீ இரு மத்ஹபு ஆலிம்களும் அணிந்தே தொழுதார்கள், தொழவும் வைத்தார்கள்.

மூன்றாவது, முதலில் வேண்டாம் என்றார்கள், பிறகு வேண்டும் என்றார்கள், எதை நம்புவது என்பது. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் மாதத்தில்தான், பரவல் உள்ள ஊர்களில் பொதுமக்களும் துணிக் கவரி அணியலாம் என்று தன் ஆலோசனையை மாற்றியது. ஆஸ்பத்திரிகளுக்கே போதாமல் போய்விடும் என்ற பயம் அதற்கு முன் இருந்தது. சரக்கைப் பார்த்தபின் விலையை மாற்றிச் சொல்லும் வியாபாரியை நாம் பொய்யன் என்போமா?

விலை என்றதும் நம் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மூன்று மடிப்புக் கவரிக்கு 80 சென்னாக இருந்த உச்ச விலை 2020 மார்ச்சில் 2 ரிங்கிட்டாயிற்று, ஏப்ரலில் 1.50, ஆகஸ்டு நடுவில் 1.20, அந்த வருஷ முடிவுக்குள் 70 சென் என்று இறங்கியது. தினம் ஒன்று வாங்க மாட்டாத பையன் ஒன்றையே ஒரு வாரம் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தான் என்றால், அழுக்குப் பழக்கத்துக்கு அவன் மட்டுமா பொறுப்பு? பெட்டி பெட்டியாய்ப் பதுக்கியவர் யாராயினும், விலை ஏறட்டும் என்று பதுக்குகிறவன் பாவி என்று ஹதீதில் வந்திருப்பதை அறியாதவரல்லர்.

முகக்கவரி வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று எண்ணுவோருக்கு நம் பக்கத்துப் பினாங்கைக் காட்டலாம். 1879-ல் அங்கே பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் படித்த டாக்டர் வூ லியென் தே, 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 31, அவரும் வாலிபரே. அங்கே பரவிய பிளேக் எலியால் அல்ல, மூச்சால் பரவுகிறது என்று கண்டு, மெல்லிய துணியின் நடுவே பஞ்சு வைத்த கவரியை எல்லாரும் கட்டச் சொன்னார். மெஸ்னி என்னும் பிரெஞ்சு டாக்டர், இந்த இளைஞனா எனக்குச் சொல்வது என்று கவரி இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார்; 1911 ஜனவரியில் அந்நோய்க்கே பலியானார். அறுபதாயிரம் பேர் வரை மாண்ட அந்தக் கொள்ளை, அவ்வாண்டு வசந்தத்தில் அடங்கியது. டாக்டர் வூ 1960-ல் பினாங்கிலேயே காலமானார்.

இன்னும் அருகே வருவோம். 2020 ஜூலைக் கடைசியில் நம் கெடாவின் நாப்போவில், வீட்டில் தனித்திருக்க வேண்டிய ஒருவர் வெளியே வந்ததில் தொற்று பரவி, நாற்பதுக்கு மேற்பட்டோரைப் பிடித்தது. அந்தத் தொற்றுக் கூட்டத்துக்குச் சிவகங்கை என்றே பெயரிட்டார்கள். நம்மில் எத்தனையோ பேருக்குத் தாய் மண்ணின் பெயர்; அது நோயின் பெயராகப் பத்திரிகைகளில் வந்ததைப் பார்த்து மனம் நோகாதவர் இல்லை. அவர் யார் என்ற பேச்சு நமக்கு வேண்டாம், அது புறம் பேசுவதாகும். செப்டம்பரில் நமது கோத்தா ஸ்டார் மாவட்டத்துக்கே கட்டுப்பாடு வந்து, சாலைகளில் தடுப்பு நின்றது. அந்த நாட்களில் கல்லா எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது வேறொரு கூட்டமும் உண்டு. முகப்பருவையும் பல் கம்பியையும் மறைக்கக் கறுப்புக் கவரியைக் கழற்றாமலே திரிகிற பிள்ளைகள்! இருமல் வந்தால் மட்டும் இழுத்துவிட்டு இருமுகிறார்கள்.

சரி, கடைக்கு வருவோம். பையன் வாத்தியார் சொல்வதைவிட, தவுக்கே செய்வதைத்தான் பார்க்கிறான். நமக்குச் சளி பிடித்த நாளில் நாம் முதலில் அணிய வேண்டும்: நிறமுள்ள பக்கம் வெளியே, கம்பி மூக்கின் மேல் அழுந்த, தாடை வரை இழுத்துவிட்டு. கழற்றும்போது காதுக் கயிற்றைப் பிடித்துக் கழற்றி, குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவ வேண்டும். கல்லாவின் அருகே ஒரு பெட்டி இருக்கட்டும். அதன் செலவு ஒரு நாள் டீத்தூளுக்கு ஆகாது.

இருமலைப் பையன்கள் மறைப்பதற்குப் பெரிய காரணம் வேறு. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் சம்பளம் போகும் என்ற பயம். இந்த நாட்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் டாக்டர் சீட்டின் பேரில் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு; இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். இதை அவனிடம் நாமே சொல்லிவிடுவது நல்லது. லேசான சளிதான், வேலை பார்க்கிறேன் என்று அவனாகச் சொன்னால், அடுப்படியிலும் வேண்டாம், கல்லாவிலும் வேண்டாம். கவரியோடு பின்கட்டில் சாமான் அடுக்கட்டும்.